கார்டு லைன் ஓரமாக

மேல்நாடுகளில் ரயில் நின்றுபோன பாதைகளில் சைக்கிள் விடுகிறார்கள். தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்துவிட்டு, ஜல்லியைச் சமன் செய்து, தார் போடாமல் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை ஆயிரக்கணக்கான மைல் பாதைகளை மூடச் சொன்னது. அப்படி மூடியவற்றில் பல இன்று நடைபாதையாகவும் சைக்கிள் தடமாகவும் இருக்கின்றன. நியூசிலாந்தில் ஒட்டாகோ என்ற பகுதியில் சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய ரயில்பாதையை 2000ஆம் ஆண்டில் இப்படித் திறந்துவிட்டார்கள். நான்கைந்து நாட்கள் அதில் சாவகாசமாகப் போகிறார்கள். வழியில் பாலங்கள் உண்டு, குகைகள் உண்டு. ரயில் மட்டும் வராது.

நம்மிடமும் செத்துப்போன ரயில்பாதைகள் இருக்கின்றன. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓடிய குறுகிய பாதைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போயின. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ரயில் 1986இல் நின்றது. இவற்றில் யாரும் சைக்கிள் விடப் போவதில்லை. இங்கே நின்றுபோன பாதை பாதையாக எஞ்சுவதில்லை. கொஞ்ச நாளில் ஒருவர் மாடு கட்டுகிறார், இன்னொருவர் வைக்கோல் போர் போடுகிறார், மீதியைச் சீமைக்கருவேல் எடுத்துக்கொள்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிணத்தை அலங்கரித்து வைத்துப் பார்ப்பது எல்லாருக்கும் பழக்கமான காரியம் இல்லை.

ஆகவே நானும் நண்பரும் உயிரோடிருக்கும் பாதை ஒன்றின் ஓரமாகப் போனோம். சென்ற மாசியில், வெள்ளாற்றுக்குத் தெற்கே ஆர்.எஸ். மாத்தூரில் தொடங்கி, செந்துறை, அரியலூர், கல்லகம் வழியாக லால்குடி வரை. நடுவில் மேற்கே பெரம்பலூருக்கு ஒரு சுற்று. மொத்தம் ஐந்து நாட்கள். ரயில்வேயின் எல்லைக்கல்லுக்கு உள்ளே நாங்கள் கால் வைக்கவில்லை. அதற்கு வெளியே பல இடங்களில் ஒரு மண்பாதை கூடவே வருகிறது. எந்த வரைபடத்திலும் பெயரில்லாத வண்டித்தடம். ஆடு மாடு போகும், டிராக்டர் போகும், மற்ற நேரங்களில் ஒன்றும் போகாது. சில இடங்களில் ஓடையில் இறங்கிக் காணாமல் போய்விடும். அப்போது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டோ, ஏதாவது ஓர் ஊரைச் சுற்றிக்கொண்டோ மறுபடியும் தண்டவாளத்தைத் தேடிப் போய்ச் சேரவேண்டும்.

இந்த ரயில்பாதைக்குக் கார்டு லைன் என்று பெயர். ஜியோமிதியில் இந்தச் சொல்லுக்கு நாண் என்று படித்திருக்கிறோம். வட்டத்தின் இரண்டு புள்ளிகளை வளைவு வழியே போகாமல் நேராக இணைக்கும் கோடு. சென்னையிலிருந்து திருச்சிக்கு முதலில் அமைந்த வழி வளைவானது. விழுப்புரத்தைத் தாண்டிக் கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று கோயில்களையும் நெல்லையும் தொட்டுக்கொண்டு போகும் மெயின் லைன். 1920களின் இறுதியில் விழுப்புரத்தையும் திருச்சியையும் விருத்தாசலம், அரியலூர் வழியாக நேராக இணைத்தார்கள். நேரம் மிச்சம். இந்தக் கோடு தன்மீதுள்ள ஊர்களுக்காகப் போடப்பட்டதில்லை. இரண்டு முனைகளையும் சீக்கிரம் சேர்ப்பதற்காக, நடுவிலுள்ள பூமியைக் கடந்துபோவதற்காகப் போடப்பட்டது.

நம் இலக்கியம் மெயின் லைனில்தான் ஏறி இறங்கியிருக்கிறது என்று எனக்குப் பலநாள் எண்ணம். கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, எம்.வி. வெங்கட்ராம், தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு என்று கும்பகோணத்தை ஒட்டியே எத்தனை பேர். அவர்களுடைய மேதையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களைப் படித்து வளர்ந்த நமக்கு ஆறு என்றால் இன்னது, கரை என்றால் இன்னது, நிழல் என்றால் இன்னது என்று ஒரு சொற்கூட்டம் தயாராகக் கிடைத்துவிட்டது. கார்டு லைனில் நாம் தூங்கிக்கொண்டு போனோம். பகலில் போனாலும் ஜன்னலில் தெரிந்தது ‘பொட்டல்’ என்ற ஒரே வார்த்தைதான். வெள்ளாற்றுக்கு வடக்கே இமையமும் கண்மணி குணசேகரனும் அந்த வார்த்தையை உடைத்து உள்ளே போனவர்கள். குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். தெற்குப் பக்கம் இன்னும் பெரும்பாலும் ஜன்னல்காட்சியாகத்தான் இருக்கிறது.

சைக்கிள் இரண்டும் கியர் இல்லாதவை. நண்பருடையது பழைய அட்லஸ், இரட்டைக் கம்பி. ரயில்பாதை ஓரமாகப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. நூறடிக்கு ஓரடி ஏறுவதே அதற்குப் பெரிய காரியம். அதனால் பாதை போட்டவர்கள் பள்ளத்தில் கரை எழுப்பியும் மேட்டில் வெட்டியும் பூமியை எஞ்சினுக்காகச் சமனாக்கியிருக்கிறார்கள். அந்தச் சமனில் பாதி வெளியிலுள்ள தடத்துக்கும் கிடைக்கிறது. மற்றப் பாதி கிடைப்பதில்லை. கரைமேல் தண்டவாளம் மட்டமாகப் போய்க்கொண்டிருக்க, கீழே நாங்கள் பள்ளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருப்போம். பூமியின் உண்மையான உருவம் எது, அதில் எவ்வளவு மறைக்கப்பட்டிருக்கிறது என்பது முழங்காலுக்குத் தெரியும். ரயிலில் போகிறவனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அவன் வாங்கிய டிக்கெட்டே அது தெரியாமலிருப்பதற்காகத்தான்.

முதல் நாள் செம்மண். சக்கரம் மணலில் புதைந்தது. செந்துறைப் பக்கம் முந்திரி பூத்திருந்தது. அந்த வாசனை இனிப்பில் சற்றுப் புளித்த வாடை கலந்தது, வெயில் ஏற ஏறக் கனத்தது. பாதையில் முந்திரிச் சருகு. அதன்மேல் சைக்கிள் போகும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பிறகு தூரத்தில் ஒரு சன்னமான ரீங்காரம் வரும். இப்போது அகலப்பாதை, இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி. வண்டி வந்து போவதற்கு இருபது வினாடி ஆகாது. போனபின் இருக்கும் அமைதி முன்பிருந்த அமைதி இல்லை. எதையோ கூட்டித் தள்ளிவிட்டது போலிருக்கும்.

வழி கேட்ட இடங்களிலெல்லாம் ஒரு வார்த்தை வந்துகொண்டிருந்தது: “அந்தக் கொல்லையோட போங்க.” புன்செய் நிலத்துக்கு அங்கே கொல்லை. முந்திரிக் கொல்லை, கடலைக் கொல்லை. அரியலூரைத் தாண்டி மேற்கே திரும்பியதும் மண் கறுத்தது. கூடவே வார்த்தை மாறியது: “காட்டுல ஆளு இருக்காங்க, கேளுங்க.” மரமே இல்லாத, மக்காச்சோளம் அறுத்த வெட்டவெளி அது. அதற்குப் பெயர் காடு. பருத்திக் காடு, சோளக் காடு. கொல்லை எந்த ஊரில் முடிந்து காடு எந்த ஊரில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. ஓர் ஊரில் அண்ணன் கொல்லை என்றார், அவர் வீட்டுக்கு வாழ வந்த பெண் காடு என்றாள். கேரியரில் செருகியிருந்த நோட்டில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். கரம்பை, ஓடைக்காடு, சுக்கான்கல். மண்ணில் கலந்து கிடக்கும் சுண்ணாம்புக் கற்களுக்குச் சுக்கான்கல் என்று பெயர். சக்கரம் அதன்மேல் ஏறும்போது ஹேண்டில்பாரில் அதிர்வாகத் தெரிந்துவிடும், குனிந்து பார்க்கவேண்டியதில்லை.

சுண்ணாம்பு என்றதும் கடலைச் சொல்லியாகவேண்டும். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே உள்ளே வந்து, பின்வாங்கி, மறுபடி வந்து, கடைசியில் போய்விட்டது. அது விட்டுப்போன படிவுகளை பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டார். ரயில் வருவதற்கு அறுபது வருஷத்துக்கு மேல் முன்னமேயே அரியலூர் என்ற பெயர் உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரப் புத்தகங்களில் ஏறிவிட்டது. நமக்கு அது ஒரு ஜங்ஷன்கூட இல்லாத ஸ்டேஷன். கல்லங்குறிச்சிப் பக்கத்தில் மண்ணைக் கையால் தள்ளினால் சிப்பி வருகிறது. உள்ளங்கையளவு, கனமாக, வளைந்து. நண்பர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தார். அந்த ஊரிலுள்ள பெருமாள் கோயிலில் மூலவர் சிலையில்லை, ஒரு கல்தூண். கல்லைக் கல்லாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். ஊரைச் சுற்றிலும் கல்லை வேறு விதமாக மதிக்கிறார்கள்.

சிமெண்ட் என்பது கடைசியில் இந்தச் சிப்பிகள்தாம். கடல் கோடிக்கணக்கான வருஷங்களில் அடுக்கியதைப் பிளந்து, அரைத்து, சுட்டு, மூட்டையில் கட்டி அனுப்புகிறார்கள். அரியலூரைச் சுற்றி ஒன்றிரண்டல்ல, பல ஆலைகள். லாரிகள் போகும் சாலைகளில் எங்களால் சைக்கிள் விட முடியவில்லை. புழுதி கண்ணை மறைத்தது. ஓரத்து வேலியில் இலைகள் சாம்பல் நிறமாயிருந்தன. தோண்டி முடித்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி, பச்சையாக, மிக அழகாக இருக்கிறது. அழகாக இருக்கிறது என்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஆனால் இருக்கிறது. ஒரு பள்ளத்தின் சுவரில் அடுக்கடுக்காகப் படிவுகள் தெரிந்தன. தோண்டாமலிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டோம். தோண்டியதால் அது இனி இருக்கப் போவதில்லை. இங்கே பார்ப்பதற்கும் இழப்பதற்கும் ஒரே கருவிதான் போலிருக்கிறது. அந்தச் சிமெண்டால் கட்டிய வீட்டில்தான் நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரம்பலூருக்கு ரயில் இல்லை. ஒரு மாவட்டத்தின் தலைநகரம், ஆனால் தண்டவாளம் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. அங்கே லாட்ஜில் தங்கிய இரவு சத்தத்தில் ஏதோ குறைவது போலிருந்தது. இரண்டு நாட்கள் ரயிலோடு வந்த பழக்கம். மறுநாள் தெற்கே இறங்கி சாத்தனூர் போனோம். ஓடையோரத்தில் ஒரு மரம் படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், முழுக்கக் கல். கடலோரக் காட்டிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்டு, கடலடியில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு அணுவாகப் போய்க் கல் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டு சொன்னார். ஆடு மேய்ப்பவர்கள் அதற்கு முன்பே அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது வேலி போட்டிருக்கிறது. நாங்கள் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. மரம் கல்லான பிறகும் மரத்தின் வரிகள் அப்படியே இருக்கின்றன. பொருள் முழுவதும் மாறிவிட்டது, உருவம் மாறவில்லை. மரபு என்று நாம் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிற விஷயம் ஞாபகம் வந்தது. அதை அங்கே நண்பரிடம் சொல்லவில்லை.

அங்கிருந்து கிழக்கே வந்து மறுபடியும் ரயில்பாதையைப் பிடித்தோம். கல்லகத்துக்கும் அரியலூருக்கும் இடையில் மருதையாறு. பச்சைமலைப் பக்கமிருந்து வந்து கொள்ளிடத்தில் சேரும் காட்டாறு. மாசியில் வெறும் மணல். நடுவில் கருவேல் முளைத்திருந்தது. ஆற்றுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மேலே பாலம்.

1956 நவம்பர் 23, விடிவதற்கு முன்பு. சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் எக்ஸ்பிரஸ் இங்கே ஆற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தையொட்டிய கரையை அரித்திருந்தது. எஞ்சினும் பின்னால் பெட்டிகளும் இறங்கின. ஏறக்குறைய 150 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு மெகபூப் நகரில் நடந்த விபத்துக்கே ராஜினாமா கொடுத்து, அது ஏற்கப்படாமலிருந்த ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி, இந்த முறை பதவியை விட்டார். அந்த ராஜினாமாவை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது, பாடப்புத்தகத்தில் சொல்லிக்கொடுக்கிறது. மருதையாற்றின் பெயர் அந்தப் பாடத்தில் இருக்காது.

கீழிருந்து பார்த்தால் விஷயம் புரிகிறது. ரயில் கரை தெற்கு வடக்காக ஒரு நீளமான ஏரிக்கரை மாதிரி நிற்கிறது. மேற்கே மலையில் பெய்யும் மழையெல்லாம் கிழக்கே போகவேண்டும். முன்பு அகலமாகப் பரவி வந்த தண்ணீருக்கு இப்போது கண்மாய்களும் பாலங்களும் மட்டுமே வழி. வருஷத்தில் பத்து மாதம் ஆறு இருப்பதே தெரியாது. அந்த மணலைப் பார்த்துவிட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். நேர்க்கோடு போட்டவர்களுக்குப் பூமியின் குறுக்கே போகும் இந்தக் கோடுகளும் தெரிந்திருக்கும். அவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்காது. கார்டு லைன் போட்ட நாளிலிருந்து இந்தப் பூமி ரயிலில் போகிறவர்களிடம் தன்னைத் தெரிவித்துக்கொண்டது அந்த ஒரே தடவைதான் என்று மணலில் நின்றபோது நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே சற்றுக் குரூரமாகப் பட்டது. செத்தவர்கள் ஒரு கருத்துக்கு உதாரணமாக இருப்பதற்காக ரயில் ஏறியவர்களில்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் டீக்கடையில் ஒரு பெரியவர் இருந்தார். கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிளையும் எங்கள் வயதையும் பார்த்துவிட்டு, “எங்கேருந்து தம்பி இப்படி?” என்றார். சொன்னோம். நம்பியதாகத் தெரியவில்லை. மழைக்கால ரோந்தைப் பற்றிக் கேட்டேன்.

“ராத்திரி லைட்ட எடுத்துக்கிட்டு நடக்கணும் தம்பி. பாலத்துல கோடு போட்டிருக்கும், தண்ணி அதுக்கு மேல ஏறியிருக்கான்னு பாக்கணும். ஏறியிருந்தா வண்டிய நிறுத்தணும்.”

“பயமா இருக்காதாய்யா?”

“தண்ணியப் பாத்தா என்னா பயம்? தண்ணி தெரியலன்னாத்தான் பயம். இருட்டுல சத்தம் மட்டும் கேக்கும். ரிட்டயராயி இத்தன வருஷம் ஆச்சு, இப்பவும் ஐப்பசி கார்த்திகையில மழ சத்தம் கேட்டா ஏந்திரிச்சு உக்காந்துக்குவேன்.”

அவர் தன் செக்‌ஷனைக் கிலோமீட்டர் கற்களின் எண்களால்தான் சொன்னார். இன்ன கல்லுக்குப் பக்கத்தில் ஊற்று, இன்ன கல்லுக்குப் பக்கத்தில் பாம்பு, இன்ன கல்லில் ஒரு பெண் வண்டியில் விழுந்தாள். பல வருஷம் நடந்தே பார்த்த இடம். இந்தப் பூமியைப் பற்றி என்னிடமிருந்த எந்தச் சொல்லையும்விட அவருடைய எண்கள் திடமாக இருந்தன. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, “அதுல என்னா இருக்கு தம்பி” என்றார். எழுதிக்கொண்டேன்.

அரியலூர் மாவட்டம் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, இறுதியாகத் தனியானது 2007இல். தேதி நவம்பர் 23. விபத்து நடந்த அதே தேதி. யாரும் நினைத்துச் செய்ததாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஊரின் பிறந்த நாளும் அந்த நாளும் ஒன்றாக இருப்பதைப் பற்றி நான் பேசிப்பார்த்த சிலரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐம்பத்தொரு வருஷம் என்பது கடலின் கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் மனிதக் கணக்கில் அது ஒரு படிவு மூடுவதற்குப் போதுமானது.

கடைசி நாள் கல்லக்குடி. 1939 முதல் சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர். டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலை 15ஆம் தேதி போராட்டம் நடந்ததும், கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்ததும் எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷன் பலகையில் இப்போது கல்லக்குடி பழங்காநத்தம் என்று இருக்கிறது. அரசியல் எப்படியிருந்தாலும், ஒரு பெயருக்காக ரயிலை நிறுத்தலாம் என்று தோன்றிய இடமும் இந்தக் கார்டு லைனில்தான் இருக்கிறது என்பதை நான் கவனித்துக்கொண்டேன். பெயர் கிடைத்துவிட்டது. பெயருக்குரிய கல் ஊரைச் சுற்றித் தினமும் குறைந்துகொண்டிருக்கிறது. பெயருக்குப் போராடியது போல் பொருளுக்குப் போராட வழி நமக்குத் தெரியவில்லை. எழுதுகிறவர்களாகிய நம் விஷயமும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை.

கரட்டுப் பூமிக்கும் கஞ்சிக்கும் பழகிய ஒருவன் விருந்துச் சாப்பாட்டில் திடீரென்று உட்காருவது போல, புள்ளம்பாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பச்சை வந்தது. வாய்க்கால், வாழை, கொடிக்கால். “வயலோட போங்க” என்று ஒருவர் வழி சொன்னார். கொல்லையும் காடும் முடிந்து வயல் வந்துவிட்டது. டியூபில் அதுவரை ஐந்து பஞ்சர், எல்லாம் கருவேல முள். இனி முள் இல்லை என்று நண்பர் சந்தோஷப்பட்டார். லால்குடி. லா.ச.ரா.வின் பெயரில் முதலெழுத்தாக நிற்கும் ஊர். இங்கே எதைப் பார்த்தாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருந்தது. தண்ணீரைப் பார்த்தால் வந்தது, கோபுரத்தைப் பார்த்தால் வந்தது, படித்துறையில் துணி துவைக்கும் பெண்ணைப் பார்த்தால் மிக நல்ல வாக்கியமாகவே வந்தது. அவற்றில் எதுவும் என்னுடையதில்லை. நோட்டில் லால்குடிக்குப் பிறகு ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்கு முந்தைய பக்கங்கள் சுக்கான்கல்லிலும் ஓடை மணலிலும் சைக்கிளை நிறுத்தி நிறுத்தி எழுதியவை. கையெழுத்து எனக்கே சில இடங்களில் புரியவில்லை. கிலோமீட்டர் கற்களின் எண்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.